படிப்பு முடிந்த பின் வேலையும் வருமானமும்: எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

பட்டம் வாங்கிய கையோடு பலர் ரெஸ்யூமே எழுத உட்காருகிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. எந்த வேலைக்கு என்று முடிவாகவில்லை, காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை என்ற நிலையில் எழுதினால் "கடின உழைப்பாளி", "குழுவாக இயங்கக்கூடியவர்" போன்ற சொற்கள்தான் பக்கத்தை நிரப்பும். அதை நூறு இடங்களுக்கு அனுப்பிவிட்டு, பதில் வராததால் மனம் சோர்ந்து, இன்னொரு சான்றிதழ் படிப்பில் பணம் கட்டுவார்கள். புதியவர்களுக்கு வழிகாட்டும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த வரிசைக் குழப்பத்தைத்தான். திறமை இல்லாமல் தோற்றவர்கள் குறைவு.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டியதைத் தயார் செய்து கொடுக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: செய்த வேலைக்குச் சான்று வேண்டும். வேலை கிடைப்பதும் சம்பளம் ஏறுவதும் வெளி வேலை (முதன்மை வேலைக்கு வெளியே தனியாகச் செய்து தரும் வேலை) தேடி வருவதும் அதைப் பார்த்துத்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று வேண்டும். ஒன்று, மாதத்துக்கு உங்களுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு செலவாகும் என்ற கணக்கு. இது தெரியாமல் எந்தச் சம்பளத்தையும் ஏற்கவோ மறுக்கவோ முடியாது. இரண்டு, வருமானம் இல்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்பதற்கான நேர்மையான பதில். மூன்று, ஓர் எக்செல் ஷீட். இந்த வழிகாட்டியில் பாதி வேலை அதில்தான் நடக்கும்.

இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது என்றால், கிடைக்கிற வேலை ஒன்றில் சேர்ந்துவிட்டு மாலை நேரங்களில் இந்தப் படிகளைச் செய்யுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. பணக் கவலையோடு நேர்காணலுக்குப் போகிறவர் முதலில் வரும் தொகைக்கே தலையாட்டிவிடுவார்.

1. ஒரே பதவிக்கான 30 விளம்பரங்களைப் படித்து எண்ணுங்கள்

துறையின் பெயர் போதாது. "மார்க்கெட்டிங்" என்பது துறை. "சோஷியல் மீடியா எக்ஸிகியூட்டிவ்" என்பது பதவி. "ஐடி" என்பது துறை. "ஜூனியர் டேட்டா அனலிஸ்ட்" என்பது பதவி. ஒரு பதவியைத் தேர்ந்து, அதற்கு வந்திருக்கும் 30 விளம்பரங்களை எடுத்து, ஒவ்வொன்றும் கேட்கும் திறன்களை ஷீட்டில் குறியுங்கள்.

பாதிக்கு மேற்பட்ட விளம்பரங்களில் வருவது கட்டாயத் தேவை. கால்வாசியில் வருவது இருந்தால் நல்லது. அதற்கும் குறைவாக வருவதை இப்போது மறந்துவிடலாம்.

எண்ணச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டேட்டா அனலிஸ்ட் ஆக விரும்பும் பலர் மாதக்கணக்கில் மெஷின் லேர்னிங் படிக்கிறார்கள். தொடக்க நிலை விளம்பரங்களை வரிசையாகப் பார்த்தால் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்கும் மொழி), எக்செல், டாஷ்போர்டு (எண்களை ஒரே திரையில் வரைபடமாகக் காட்டுவது), கண்டதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் திறன் ஆகியவைதான் மறுபடி மறுபடி வரும். ஒரு நாள் எண்ணுவது பல மாத வீண் படிப்பைத் தடுக்கும்.

அதே பதவியில் நான்கைந்து ஆண்டு அனுபவம் கேட்கும் விளம்பரங்கள் பத்தையும் சேர்த்துப் படியுங்கள். இந்தப் பாதை எங்கே போகிறது, அங்கே சம்பளம் எவ்வளவு என்பது அப்போது தெரியும். ஒரே வேலைக்குத் துறைக்குத் துறை சம்பளம் மாறும் என்பதையும் கவனியுங்கள். ஒரு கணக்காளர் செய்வது எங்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆனால் ஆளுக்கு அதிக லாபம் ஈட்டும் துறை அவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும். பதவியைத் தேர்வது போலவே துறையையும் தேருங்கள்.

மேற்படிப்பு வேண்டுமா என்ற கேள்விக்கும் பதில் இந்த ஷீட்டில்தான் இருக்கிறது. பாதி விளம்பரங்கள் முதுகலைப் பட்டம் கேட்டால் படியுங்கள். வேலை கிடைக்கவில்லையே என்று படிக்கப் போனால், இரண்டு ஆண்டு கழித்து இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

வழக்கமான பிழை: "2 ஆண்டு அனுபவம்" என்று கண்டதும் ஒதுங்கிவிடுவது. விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் ஆசைப் பட்டியல். மற்றவற்றில் பாதிக்கு மேல் உங்களிடம் இருந்தால் விண்ணப்பியுங்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் கேட்பதை விட்டுவிடுங்கள்.

2. ஒரு குறையை நிரப்பி, ஒரு சான்றை உருவாக்குங்கள்

கட்டாயத் தேவைகளில் உங்களிடம் இல்லாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று. அதைக் கற்றுக்கொண்டே, உண்மையான ஒருவருக்குப் பயன்படும்படி ஒரு வேலையைச் செய்து முடியுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் போதும்.

சான்றிதழ், நீங்கள் வகுப்பை முடித்தீர்கள் என்று சொல்லும். செய்த வேலையோ, உங்களால் என்ன முடியும் என்று காட்டும். வேலைக்கு எடுப்பவர் தெரிந்துகொள்ள நினைப்பது இரண்டாவதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு சிறு நிறுவனம் சரக்கு இருப்பை நோட்டில் எழுதிவருகிறது. எது தீர்ந்தது என்பது வாங்க வந்தவர் கேட்கும்போதுதான் தெரிகிறது. நீங்கள் அந்த நோட்டை எக்செல் ஷீட்டாக்கி, இருப்பு ஒரு அளவுக்குக் கீழே போனால் அந்த வரி சிவப்பாக மாறும்படி செய்கிறீர்கள். ஒரு மாதம் அவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். இடையில், பொருளின் பெயரை ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சு செய்வதால் கணக்குத் தப்புகிறது என்று கண்டுபிடித்து, பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும்படி மாற்றுகிறீர்கள். நேர்காணலில் அரை மணி நேரம் பேச இது போதும். அந்தப் பெயர்க் குழப்பத்தைக் கண்டுபிடித்த கதைதான் கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும், ஏனென்றால் அது பாடப்புத்தகத்தில் இருப்பதில்லை.

இலக்கியம் படித்தவர் ஒரு அமைப்பின் அறிவிப்புகளை எளிய நடையில் திருத்தி எழுதித் தரலாம். வணிகவியல் படித்தவர் ஒரு சங்கத்தின் ஓராண்டு வரவு செலவை ஒழுங்குபடுத்தலாம். எதுவானாலும் ஒரே பக்கத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள்: பிரச்சினை யாருக்கு, நீங்கள் செய்தது என்ன, ஏன் அப்படிச் செய்தீர்கள், அதனால் மாறியது என்ன. நிரல் என்றால் கிட்ஹப், வடிவமைப்பு என்றால் பிகான்ஸ், மற்றவற்றுக்குக் கூகுள் டிரைவ் என்று உங்கள் துறைக்கு ஏற்ற இடத்தில் போட்டு இணைப்பைத் தயாராக வைத்திருங்கள். பிறருடைய பெயர், தொலைபேசி எண், தொகை விவரங்களை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

வழக்கமான பிழை: பயிற்சி வீடியோவில் செய்து காட்டியதையே தன் பிராஜெக்ட் என்று வைப்பது. தரவுப் பயிற்சிக்குப் பலர் பயன்படுத்தும் காகிள் தளத்தின் டைட்டானிக் பயணிகள் தரவை வைத்துச் செய்த பிராஜெக்ட்டைத் தேர்வாளர்கள் எண்ணற்ற முறை பார்த்திருப்பார்கள்.

3. இப்போது ரெஸ்யூமே எழுதுங்கள்

ஒரு பக்கம். அண்மையில் செய்தது மேலே. ஒவ்வொரு வரியும் என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள், என்ன விளைந்தது என்று சொல்ல வேண்டும்.

திருத்துவதற்கு முன்: "கல்லூரி விழாவின் நிதி திரட்டும் குழுவில் பணியாற்றினேன்."

திருத்திய பின்: "விழாவுக்காக 40 நிறுவனங்களை அணுகி 9 நிறுவனங்களிடம் நிதி பெற்றேன், முந்தைய ஆண்டு கொடுத்தவர்களை முதலில் அணுகியதால் அவர்களில் 6 பேர் மீண்டும் கொடுத்தார்கள்."

முதல் வரி எல்லாருடைய ரெஸ்யூமேயிலும் இருக்கும். இரண்டாவது வரியில் விற்பனைக்குத் தேவையான துணிவும் திட்டமும் தெரிகின்றன. எண்கள் உண்மையாக இருக்கட்டும். எண் இல்லாத வேலைக்கு எண்ணை வலிந்து சேர்த்தால் நேர்காணலில் முதல் கேள்வியே அதில் வந்து விழும்.

பல நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் ஒரு மென்பொருள் வாங்கிப் பிரித்து வைக்கிறது. பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த வடிவம், அட்டவணைகள், படமாக ஒட்டிய எழுத்து, திறனைக் காட்டும் வண்ணப் பட்டைகள் ஆகியவற்றில் அது தடுமாறலாம். சோதிக்க எளிய வழி உண்டு: பிடிஎஃப் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை மாறாமல் வந்தால் நல்லது. குழம்பி வந்தால் மென்பொருளுக்கும் குழம்பும். திறன்களின் பெயரை விளம்பரம் எழுதியிருக்கும்படியே எழுதுங்கள். அந்தச் சொற்களைக் கொண்டுதான் தேடுவார்கள்.

ரெஸ்யூமேயை ஏஐயிடம் எழுதி வாங்குவது இப்போது சாதாரணமாகிவிட்டது. பிழை திருத்த அதைப் பயன்படுத்துங்கள், உள்ளடக்கத்தை நீங்களே எழுதுங்கள். உங்கள் வாயில் வராத சொல் ரெஸ்யூமேயில் இருந்தால், அதை விளக்கச் சொல்லும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

4. விண்ணப்பிக்கும் முன் ஆட்களிடம் பேசுங்கள்

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்றும் பொருந்தும். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவர்களிடம்தான் நம் காதுக்கு எட்டாத செய்தி இருக்கிறது. 2022-ல், வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன் பயனர்கள் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. மிதமான அளவு தள்ளி இருப்பவர்களே அதிகம் உதவினார்கள்.

எனவே கல்லூரியில் உங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டு மூத்தவர்கள், பழைய பயிற்சி இடத்தில் பழகியவர்கள், நண்பரின் சகோதரர்கள் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். "வேலை இருந்தா சொல்லுங்கண்ணா" என்று மட்டும் அனுப்பினால், பதில் சொல்ல மனமிருப்பவருக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"வணக்கம் அண்ணா. நான் நம் துறையில் உங்களுக்கு மூன்று ஆண்டு இளையவன். டேட்டா அனலிஸ்ட் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். ஒரு சிறு நிறுவனத்தின் சரக்குக் கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன், இணைப்பு கீழே. உங்கள் இடத்தில் புதிதாகச் சேர்பவர்கள் முதலில் எதில் திணறுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. இந்த வாரம் 15 நிமிடம் பேச முடியுமா?"

இதில் கேட்பது சிறிது, பதில் சொல்வது எளிது, சான்றும் கூடவே போகிறது. பேசி முடித்தபின் அவர் சொன்ன ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு, செய்தேன் என்று தெரிவியுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசித் தகவலைத்தான். அதன் பிறகு அவர் நிறுவனத்தில் இடம் வந்தால் பரிந்துரை கேட்கலாம். பல நேரம் அவரே கூப்பிடுவார்.

5. விண்ணப்பங்களைப் பதிவு செய்து, எங்கே அடைக்கிறது என்று பாருங்கள்

ஷீட்டில் நிறுவனம், பதவி, தேதி, யார் மூலம், எந்தக் கட்டம் வரை போனது என்று எழுதிவாருங்கள். 20 விண்ணப்பம் போனதும் நிறுத்திப் பாருங்கள்.

அழைப்பே வரவில்லை என்றால் தவறு ரெஸ்யூமேயில், அல்லது பதவித் தேர்வில். அழைப்பு வந்து முதல் சுற்றிலேயே முடிந்தால் அடிப்படைத் திறன் போதவில்லை. கடைசிச் சுற்று வரை போய்த் தவறினால் உங்கள் வேலையை விளக்கும் விதத்தைச் சரிசெய்ய வேண்டும், அல்லது இன்னும் சில வாய்ப்பு தேவை. அடைப்பு எங்கே என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதால் பயனில்லை.

வேலை தருவதாகச் சொல்லிப் பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம், லேப்டாப் வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். வேலைக்கு எடுப்பவர்தான் பணம் தர வேண்டும்.

6. நேர்காணலுக்கு ஆறு நிகழ்வுகளைத் தயார் செய்யுங்கள்

கேள்விகளுக்குப் பதில் மனப்பாடம் செய்யாதீர்கள். நீங்கள் உண்மையில் செய்த ஆறு நிகழ்வுகளை எடுத்து, சூழல் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் எடுத்த நடவடிக்கை என்ன, விளைவு என்ன என்ற நான்கு கூறாக எழுதுங்கள். ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு கருத்து வேறுபாடு, நெருக்கடியில் முடித்த ஒரு வேலை, புதிதாகக் கற்ற ஒன்று, தானாக முன்வந்து செய்த ஒன்று என்று இருந்தால் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும்.

வாய்விட்டுச் சொல்லி மொபைலில் பதிவு செய்து கேளுங்கள். மனதுக்குள் ஒத்திகை பார்க்கும்போது எல்லாம் சரளமாக வரும். வாயைத் திறந்தால்தான் எங்கே தடுக்கிறது என்று தெரியும். "நாங்கள் செய்தோம்" என்று சொல்லும் இடங்களில் நீங்கள் செய்தது எது என்று பிரித்துச் சொல்லப் பழகுங்கள்.

கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "இந்த இடத்தில் சேர்பவர் முதல் ஆறு மாதத்தில் எதைச் செய்து முடித்தால் நன்றாகச் செய்கிறார் என்பீர்கள்?" என்று கேளுங்கள். பதிலைக் குறித்து வையுங்கள், 9-ஆம் படியில் வேண்டியிருக்கும்.

7. சம்பளம் பேசுங்கள்

புதியவர்கள் அதிகம் இழப்பது இங்கே. ஒரு கணக்கு பாருங்கள். ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 100-இல் தொடங்குகிறது, மற்றவருடையது 110-இல் (எந்த அலகில் வைத்தாலும் கணக்கு ஒன்றுதான்). இருவருக்கும் ஆண்டுக்கு 8 சதவீத உயர்வு. முதல் ஆண்டு வித்தியாசம் 10. பதினோராம் ஆண்டில் அது 21.6 ஆகிவிடும். முதல் பத்தாண்டு வித்தியாசங்களை மட்டும் கூட்டினால் சுமார் 145, அதாவது முதலாமவரின் முதல் ஆண்டுச் சம்பளத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பத்து நிமிடம் பேசத் தயங்கியதன் விலை அது.

பேச வேண்டிய நேரம், நீங்கள்தான் வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்ததற்கும் நீங்கள் ஒப்புக்கொள்வதற்கும் இடைப்பட்ட காலம். அதற்கு முன்னால் பேசினால் உங்கள் மதிப்பு அவர்களுக்கு இன்னும் தெரியாது. ஒப்புக்கொண்ட பிறகு பேசினால் மரியாதையாக இருக்காது.

பேசப் போகும் முன் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: இதற்குக் கீழே என்றால் வேண்டாம் என்பது ஒன்று, நியாயமாக எதிர்பார்ப்பது இன்னொன்று, வாய்திறந்து கேட்கப்போவது மூன்றாவது. முதல் எண் உங்கள் செலவுக் கணக்கிலிருந்து வரும். மற்ற இரண்டும் விளம்பரங்களில் இருந்தும் 4-ஆம் படியில் பேசிய ஆட்களிடமிருந்தும் வரும். பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும் (எண்கள் மாதிரிக்கு மட்டும்):

"உங்கள் எதிர்பார்ப்பு எவ்வளவு?"

"இந்தப் பொறுப்புக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன என்று சொன்னால் பேச வசதியாக இருக்கும், மேடம்."

"வரம்பெல்லாம் சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்கள்."

"விசாரித்த வரையில் இந்தப் பொறுப்புக்கு 100 முதல் 115 வரை தருகிறார்கள். நேர்காணலில் நாம் பேசிய ரிப்போர்ட் வேலையை நான் ஏற்கெனவே ஓரிடத்தில் செய்து கொடுத்திருப்பதால் 115 எதிர்பார்க்கிறேன்."

அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். தயக்கத்தில் "குறைத்தாலும் பரவாயில்லை" என்று நீங்களே சேர்த்துச் சொல்லிவிடுவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. மறுமுனையில் யோசிக்கிறார்கள் என்பதற்காக மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டியதில்லை.

தொகையைக் கூட்ட முடியாது என்றால் ஆறு மாதத்தில் சம்பள மறுபரிசீலனை, சேரும்போது தரும் ஊக்கத்தொகை, பயிற்சிச் செலவு ஆகியவற்றைக் கேட்கலாம். சொன்னதை மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கூட்டமாக ஆள் எடுக்கும் நிறுவனங்களில் எல்லாருக்கும் ஒரே அளவுதான். அங்கே தொகையில் மல்லுக்கட்டாமல் எந்தக் குழு, எந்த வேலை என்பதைக் கேளுங்கள். இல்லாத இன்னொரு வாய்ப்பு இருப்பதாகச் சொல்லாதீர்கள். அந்த வேலைக்கான கடிதத்தைக் காட்டச் சொன்னால் இருந்ததும் போய்விடும்.

8. கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்

மொத்தத் தொகையில் எவ்வளவு நிலையான சம்பளம், எவ்வளவு இலக்கை எட்டினால் மட்டும் வரும் தொகை என்று பிரித்துக் கேளுங்கள். பெரிய எண்ணாகத் தோன்றுவதில் ஒரு பகுதி கைக்கு வராமலே போகலாம்.

விலகல் அறிவிப்புக் காலம் எத்தனை நாள், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டுமா, வெளி வேலை செய்ய அனுமதி உண்டா, ஓய்வு நேரத்தில் நீங்கள் உருவாக்குவது யாருக்குச் சொந்தம், விலகிய பின் போட்டி நிறுவனத்தில் சேரத் தடை இருக்கிறதா ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். இவற்றில் சில 11, 12-ஆம் படிகளில் உங்கள் கையைக் கட்டிப்போடும்.

9. முதல் ஆண்டில் வேலையைச் செய்யுங்கள், செய்ததை எழுதுங்கள்

முதல் வாரத்திலேயே மேலாளரிடம், நேர்காணலில் கேட்ட கேள்வியை இன்னும் நுணுக்கமாகக் கேளுங்கள்: "முதல் மூன்று மாதத்தில் எந்த இரண்டு வேலை சரியாக நடந்தால் உங்களுக்கு நிம்மதி?" வருகிற எல்லா வேலையையும் ஏற்றுக்கொண்டு, அவருக்கு முக்கியமானதைக் கோட்டைவிடுபவர்கள் ஏராளம். அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத்தான் உழைக்கிறார்கள், அதுதான் வருத்தம்.

வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கி அந்த வார வேலையைக் குறித்து வையுங்கள். குறிப்பு இப்படி இருக்கலாம்: "மாத இறுதி ரிப்போர்ட். மூன்று ஃபைல்களைக் கையால் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு நாள் ஆகும். ஒரே ஷீட்டில் தானாகச் சேரும்படி செய்தேன், இப்போது இரண்டு மணி நேரம். அக்கவுண்ட்ஸ் குழுவும் இதைக் கேட்டிருக்கிறார்கள்." செய்வதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுவது முக்கியம். மாறிய பிறகு பழைய நிலை யாருக்கும் நினைவிருக்காது, உங்களுக்கும் இருக்காது.

நிறுவனத்தின் ஃபைல்களையோ வாடிக்கையாளர் விவரங்களையோ வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். உங்கள் வேலையைப் பற்றிய குறிப்பு மட்டும் போதும்.

இதிலிருந்து மூன்று வரி எடுத்து மேலாளருக்கு வாரம் ஒருமுறை அனுப்புங்கள்: முடிந்தது, நடப்பது, எங்கே உதவி வேண்டும். இதைத் தற்பெருமை என்று நினைத்துத் தயங்குபவர்கள் உண்டு. மேலாளருக்கு இது உதவி. அவர் தன் மேலாளருக்குச் சொல்ல வேண்டியதை நீங்கள் தயாராக எழுதிக் கொடுக்கிறீர்கள்.

10. ஊதிய உயர்வை மூன்று மாதம் முன்பே கேளுங்கள்

ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் கேட்பது பெரும்பாலும் தாமதம். அந்த நேரத்துக்குள் யாருக்கு எவ்வளவு என்பது மேலே முடிவாகியிருக்கும். மூன்று மாதம் முன்பே, வெள்ளிக்கிழமைக் குறிப்புகளில் இருந்து வலுவான நான்கைந்தை ஒரு பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுங்கள். உங்களுக்காக மேலே பேசப்போகிறவர் அவர். பேச அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

வாடகை கூடியது, கடன் இருக்கிறது, பக்கத்து இருக்கைக்காரருக்கு அதிகம் கிடைக்கிறது ஆகிய காரணங்களைச் சொல்லாதீர்கள். அவை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவற்றை வைத்து யாரும் மேலே வாதாட முடியாது.

விலைவாசியையும் கணக்கில் வையுங்கள். விலைவாசி 6 சதவீதம் ஏறிய ஆண்டில் சம்பளம் 5 சதவீதம் ஏறினால், வாங்கும் சக்தியில் கிட்டத்தட்ட 1 சதவீதம் குறைந்திருக்கிறது.

மறுத்தால், "எதைச் செய்து காட்டினால் இது சாத்தியம், எப்போது மறுபடி பேசலாம்?" என்று கேட்டு, வந்த பதிலை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். தெளிவான பதில் வந்தால் அதன்படி செய்யலாம். மழுப்பலான பதிலும் ஒரு தகவல்தான், அடுத்த படிக்கு அது பயன்படும்.

11. எப்போது மாறுவது

முதல் வேலை சுமாராக அமைந்துவிட்டதே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. பொருளாதார மந்தத்தின்போது பட்டம் பெற்ற கனடா மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. மந்தத்தில் வெளிவந்தவர்களின் தொடக்க வருமானம் சராசரியாக 9 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. ஐந்து ஆண்டில் அந்த இழப்பு பாதியாகி, பத்தாண்டில் மறைந்தது. மீண்டவர்கள் மீண்டதில் பெரும்பங்கு, கூடுதல் சம்பளம் தரும் நிறுவனங்களுக்குப் படிப்படியாக மாறியதால் வந்தது.

கற்பது நின்றுவிட்டது, சந்தை நிலவரத்தைவிடச் சம்பளம் தெளிவாகக் குறைவு, தேதியோடு தந்த வாக்கு இருமுறை தவறியது. இவற்றில் இரண்டு பொருந்தினால் தேடத் தொடங்குங்கள். ஒரு பெரிய வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து முடித்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்டுவந்த வேலைகள் மட்டுமே இருந்தால் அடுத்த இடத்தில் சொல்ல எதுவும் இருக்காது.

புதிய வேலைக்கான நியமனக் கடிதம் கைக்கு வராமல் விலகல் கடிதம் கொடுக்காதீர்கள். விலகப்போவதாகச் சொன்னதும் சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம் என்பார்கள். மாற நினைத்ததற்குச் சம்பளம் மட்டுமே காரணமா என்று யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். கற்பது நின்றுபோனது காரணமென்றால், அது கூடிய சம்பளத்தோடு அப்படியே தொடரும்.

12. வெளி வேலையும் சேமிப்பும்

வெளி வேலையைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம், முதல் ஆண்டில் உங்கள் நேரத்துக்கு அதிகப் பலன் தருவது முதன்மை வேலைதான். அதில் கால் ஊன்றிய பிறகு, ஒப்பந்தம் அனுமதித்தால் தொடங்குங்கள்.

விலை வைப்பதில் எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். வாரம் 40 மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 2,080 மணி நேரம். ஆண்டுச் சம்பளத்தை இதால் வகுத்து, அதையே மணிக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள். ஆள் தேடுவது, பேசுவது, திருத்துவது, பணம் வசூலிப்பது ஆகிய எதற்கும் தனியாகக் கூலி கிடையாது. விடுப்புக்கும் சம்பளம் இல்லை. எனவே அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கில் தொடங்குங்கள். பழகிய பிறகு மணிக் கணக்கை விட்டுவிட்டு வேலைக்கு இவ்வளவு என்று பேசலாம்.

வரும் கூடுதல் பணத்தில் வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடையுங்கள், குறிப்பாக கிரெடிட் கார்டு பாக்கியை. அடுத்து மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனிக் கணக்கில் சேருங்கள். மோசமான வேலையை மறுக்கவும் நல்ல வேலைக்காகக் காத்திருக்கவும் அந்தத் தொகைதான் தைரியம் தரும். சம்பளம் ஏறிய மாதத்திலேயே உயர்வில் பாதி தானாகச் சேமிப்புக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். ஓரிரு மாதம் முழுத்தொகையும் கையில் புழங்கிவிட்டால் பிறகு எடுப்பது கடினம்.

வெளி வேலையை ஏற்கும் முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: என்ன செய்து தருவீர்கள், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், பணம் எப்போது. பாதித் தொகை முன்பணமாகக் கணக்கில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். இறுதி ஃபைலை மீதிப் பணம் வந்தபின் அனுப்புங்கள். வரும் ஒவ்வொரு தொகையையும் வரிக் கணக்குக்காக அன்றே அதே எக்செல் ஷீட்டில் ஒரு பக்கம் திறந்து எழுதி வையுங்கள்.